ஏணிக்கு இரண்டு கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம், இந்த முறையும் எழுதுகிறேன், ஆனால் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் அதை நம்பு. வாரா வாரம் போனில் பேசுகிற அப்பா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்பாய், நான் சமாளித்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். சமாளிப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உன் அம்மா உனக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறாள். தாளில் எழுதினால் பாதியில் தப்பி ஓட முடியாது, அதனால்தான்.

முதலில் வீட்டுச் சமாசாரம். மாடியில் உன் அறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பின்பக்கச் சுவரில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாயைப் பிடித்திருந்த கிளாம்பு ஒன்று கழன்று, குழாய் விலகி, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவரிலேயே அடித்திருக்கிறது. உன் ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே முழ நீளத்துக்கு ஒரு விரிசல். உன் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாக ஊறியிருக்கிறது. உன் பழைய பாடப் புத்தகங்களில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் போய்விட்டன, மற்றவற்றைக் கூடத்தில் விரித்துக் காயவைத்திருக்கிறேன், நடப்பதற்கு இடம் இல்லை, நடப்பதற்கு ஆளும் நான் ஒருவன்தான் என்பதால் பிரச்சினையில்லை. கொத்தனார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு அரை நாள் வேலை என்றார், அந்த அரை நாள் மூன்று வாரமாகியும் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். நீயோ விடுமுறைக்கு ஒருவேளை வந்தாலும் வருவோம் என்று சொல்லியிருந்தாய். ஒருவேளை என்றுதான் சொன்னாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஈரச் சுவரை வைத்துக்கொண்டு குட்டியை எங்கே படுக்க வைப்பது என்ற கவலை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது.

நான் ஏணி விஷயத்தில் எவ்வளவு கறாரான ஆள் என்று உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் உட்கார்ந்து ஏணி கொடுத்தவன். ஏறுகிறவர் ஒரு கையெழுத்து, பிடிக்கிறவர் ஒரு கையெழுத்து, இரண்டும் இல்லாமல் மேனேஜரே வந்து நின்றாலும் ஏணி நகராது. ஒருமுறை ஒரு மெக்கானிக் தன் கையெழுத்தையே இடது கையால் இன்னொரு முறை போட்டுக்கொண்டு வந்தான், அவனைத் திருப்பி அனுப்பினேன், சாப்பாட்டு வேளை முழுக்க எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். வீட்டிலும் அதே சட்டம்தான். நான் ஏறுவேன், உன் அம்மா பிடிப்பாள். நீ பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் செய்வோம், அதனால் எங்கள் ஏற்பாடு உனக்குத் தெரிந்திருக்காது. மேலே இருக்கிறவனுக்குக் கீழே பார்க்க முடியாது அல்லவா, பிடித்திருக்கிறாளா, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாளா என்று எப்படித் தெரியும்? அதனால் பிடிக்கிறவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு கேட்கிறவரைக்கும் ஏணி பத்திரம். உன் அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும், என் தங்கையைப் பற்றிய குறைகளை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு முழுச் சுவருக்கு வெள்ளை அடித்து முடித்திருக்கிறோம். பேச விஷயம் தீர்ந்துபோனால் சலவைக்குப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நான் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் போதும், பேச்சை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பாள். "கால் எங்கங்க இருக்கு?" நான் காலைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகுதான் மறுபடி என் தங்கை கதைக்குத் திரும்புவாள்.

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஏணியைச் சாத்தினேன். இதைத்தான் சொல்ல வந்தேன். நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி, கணக்காகத்தான் வைத்தேன், பதினாறு படி ஏறினால் சன்ஷேடு. ஆனால் பின்பக்கம் மண் தரை, மழையில் ஊறி, கால்வாய்ப் பக்கம் சரிவாக இருக்கிறது. ஸ்டோரில் வேறு யாராவது இந்தத் தரையைச் சொல்லி ஏணி கேட்டிருந்தால் திட்டியே அனுப்பியிருப்பேன். சட்டைப் பையில் போன், ஒரு கையில் கலவைச் சட்டி, இன்னொரு கையில் கரண்டி, பிடித்துக்கொள்ள மூன்றாவது கை யாரிடம் இருக்கிறது? பயந்துகொண்டேதான் பூசினேன், பயந்ததால் ஒழுங்காக இருந்தேன். கைக்கு எட்டியதை மட்டும் செய்துவிட்டு இறங்கி ஏணியை நகர்த்திக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். வாரத்தில் ஒருநாள் வருகிற போன், விட மனசு வரவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, சத்தமாகப் பேசுகிற பொத்தானை அழுத்திப் பையிலேயே வைத்துக்கொண்டேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாய், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். நீ குட்டியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய், அவள் ஷூவை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனது, மாப்பிள்ளை பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்தது, உன் ஆபீசில் புதிதாக வந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுவது. நீ பேசுவது அப்படியே உன் அம்மா பேசுவதுதான், அந்தச் சின்னச் சின்ன நிறுத்தல்கூட. நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டு பூசினேன். ஒரு கட்டத்தில் பயம் போய்விட்டது. எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. கீழே பேச்சு கேட்கிறது, ஏணி பத்திரம் என்று என் உடம்பு பழக்கத்தில் நம்பிவிட்டது. விரிசலின் அந்தக் கோடிக்கு எட்டுவதற்காக ஒரு சாண் அதிகமாகச் சாய்ந்தேன்.

ஏணி பக்கவாட்டில் போய்விட்டது. நான் சன்ஷேடின்மேல் வயிறு அடிபட விழுந்தேன், அது இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை. அலுமினிய ஏணி கால்வாய்த் திட்டில் விழுந்த சத்தம் உனக்கே கேட்டது, அது என்ன என்று கேட்டாய், பாத்திரம் கை தவறிவிட்டது என்றேன். அம்மா இருந்திருந்தால் உங்களை அடுப்படிக்குள் விட்டிருக்க மாட்டாள் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்புறம் சன்ஷேடில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னும் ஆறு நிமிஷம் உன்னோடு பேசினேன். முழங்கையில் தோல் உரிந்து எரிகிறது, கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது, நீ குட்டி பாடுவதைக் கேளுங்கள் என்று அவளிடம் போனைக் கொடுத்தாய், எப்படி வைப்பேன்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். ஏணியில் நீ பேசிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிஷம், உன் அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் நான் தனியாக இல்லாத இருபது நிமிஷம்.

நீ போனை வைத்த பிறகு எதிர்வீட்டு டியூஷன் டீச்சரைக் கூப்பிட்டேன். விஷயத்தை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன், சன்ஷேடில் உட்கார்ந்திருப்பதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. அந்த அம்மாள் வந்தார், பின்னாலேயே டியூஷன் பிள்ளைகள் மொத்தமும் வந்து அண்ணாந்து நின்றன. உன் அப்பாவின் மானம் அன்றோடு கப்பலேறிவிட்டது. டீச்சர் பலகை ஒன்றைத் தேடி மண்ணில் போட்டு, அதன்மேல் ஏணியை நிறுத்தி, கீழ்ப்படியில் ஏறி நின்று அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள் என்றார். எனக்குக் கால் வரவில்லை. ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் டீச்சர் என்று கேட்டேன். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை பாவம், இத்தனை வருஷத்தில் அவரோடு நான் தண்ணீர் வந்ததா, குப்பை வண்டி வந்ததா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார். ஓரெட்டு எட்டு என்றதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. படிக்கு ஒரு வரியாக இறங்கினேன். பதினாறெட்டு நூற்று இருபத்தெட்டு என்றபோது கால் தரையில் இருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டேன், எலும்புக்கு ஒன்றும் இல்லை, விலாவில் ரத்தம் கட்டியிருந்தது, இப்போது மஞ்சளாகி மறைந்து வருகிறது.

மறுநாள் வாடகைச் சாமான் கடைக்குப் போனேன், செய்ய வேண்டியதை ஒரு நாள் தாமதமாகச் செய்தேன். கடைக்காரர் விவரமான ஆள். எவ்வளவு உயரம், கீழே என்ன தரை, மேலே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வேலைக்கு ஒரு கை போதுமா இரண்டு கை வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். பல்பு மாற்றுகிற மாதிரி அஞ்சு நிமிஷ வேலைக்குத்தான் ஏணி, இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு நிற்க மேடை வேண்டும் என்றார். ஏணியையே நீளமாக, நுனியில் கொக்கி வைத்ததாகக் கொடுங்கள் என்று வாதாடிப் பார்த்தேன், சறுக்குவது நுனியா அடியா என்று கேட்டார், கொக்கிப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். ஆளைக் கூடையில் வைத்துத் தூக்குகிற வண்டியும் இருக்கிறது, அது நம் சந்துக்குள் நுழையாது. கடைசியில் சக்கரம் வைத்த இரும்புச் சாரம்தான் என்று ஆனது. சக்கரத்துக்குப் பூட்டு, நாலு பக்கமும் முட்டுக்கால், அடியில் பலகை, மேலே மேடையைச் சுற்றி இடுப்பளவு கம்பி, உள்பக்கமாகவே ஏறப் படி. மேலே ஆள் இருக்கும்போது சாரத்தை நகர்த்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். படிவம் ஒன்றை நீட்டினார். வேலை செய்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உடன் இருப்பவர் என்ற இடத்தில் என் கை தானாக உன் அம்மா பெயரை எழுதிவிட்டது. வீட்டில்தானே இருப்பார்கள் என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டேன். வேறு யார் என்றார். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன், எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஆள் இல்லாமல் சாரம் தருவதில்லை என்று படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் நான் எத்தனை பேருக்குச் செய்ததோ அதேதான், கோபப்பட எனக்கு வாயில்லை.

கொத்தனாரை வீட்டுக்கே போய்ப் பிடித்தேன். கடையில் சாரம் இருக்கிறது, உடன் ஆள் வந்தால் தருவார்கள் என்றதும் மறுநாளே தன் ஆளோடு வந்து, கையெழுத்துப் போட்டுச் சாரத்தை எடுத்துவிட்டார், மனுஷன் இத்தனை நாள் டபாய்த்தது சோம்பேறித்தனத்தால் அல்ல, அந்தத் தரையில் ஏணி போட அவருக்குப் பயம், அதை வெளியே சொல்ல வெட்கம். குழாய்க்குப் புதுக் கிளாம்பு போட்டு, விரிசலைக் கொத்தி அடைத்துப் பூசிவிட்டார்கள். நான் கீழே சாரத்துக் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று, தொழிற்சாலைக் கதை ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொத்தனார் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, இதை யாரும் பிடிக்க வேண்டாம், அதுவா நிக்கும். நீங்க போய் உக்காருங்க." மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே வந்து உன் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல சாமான்தான், யாரும் பிடிக்க வேண்டாம், யாரும் பேச வேண்டாம். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இப்போது சுவர் காய்ந்துவிட்டது, சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. ஏணி என்னிடம் இல்லை, டீச்சர் வீட்டுக் கொல்லையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஏணியில் நின்றுகொண்டு நாற்காலியில் இருப்பதாகச் சொன்னவன் நான். உன்னைப் பயமுறுத்தவோ, உடனே கிளம்பி வா என்று கூப்பிடவோ இதை எழுதவில்லை, வந்தால் அறை தயாராக இருக்கிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் புதுக் குடையில் பெயர் எழுதி வைக்கச் சொல். உங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என்றாலும் ஒருவர் ஏற ஒருவர் பிடியுங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், கால் எங்கே இருக்கிறது என்று கேள். உன் அம்மா கேட்ட மாதிரியே கேள். நான் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் நிறையப் பேசு.

இரண்டு காலும் தரையில் வைத்தபடி,
உன் அப்பா