சுவர் வேர்க்கிறதாம்

18 நவம்பர், செவ்வாய்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் புதுக் கட்டடம். மழை பெய்தால் படுக்கையறை ஜன்னலடியில் ஈரம். வீட்டின் சொந்தக்காரர் அல்போன்சம்மாள் கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். கட்டிய நிறுவனத்தின் ஆள் ரகுபதி சிரித்தார்: "ஏர்கான் போட்டா சுவர் வேர்க்கும்லா மேடம். லீக் எல்லாம் இல்ல."

இருக்கலாம். நான் இரு தரப்பையும் நம்புவதில்லை. தண்ணீர் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுக்கு என்று ஆய்வாளராக நான் எழுதிக் கொடுத்தால் நிறுவனமே சரிசெய்ய வேண்டும். ஆனால் இந்த மாதத்துக்குள். அதன்பின் உத்தரவாதம் கிடையாது.

24 நவம்பர், திங்கள்

மழை. நனைந்த சுவரில் சோதனை செய்து பயனில்லை.

27 நவம்பர், வியாழன்

ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. நாளை காலை சோதனை.

28 நவம்பர், வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரே ஒழுங்குதான்: கீழிருந்து மேலே. ஜன்னலை மூடிவிட்டு, சட்டமும் சுவரும் சேரும் அடி இணைப்பில் முதலில் அடித்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் வராவிட்டால்தான் அடுத்த இணைப்பு.

நான் போனபோது சுவர் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பொது மொட்டைமாடியில், அல்போன்சம்மாளின் மகன் ஜெரார்ட், கையில் குழாயோடு. "நீங்க வர்றதுக்குள்ள லீக்கை வர வச்சிட்டேன் மேடம்! உள்ள பாருங்க!"

ஜன்னல் திறந்திருந்தது.

"அம்மா நின்னு பாக்கணும்ல, அதான்."

உடன் வந்திருந்த ரகுபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஜன்னலைத் திறந்து வச்சு அடிச்சா, தண்ணி வீட்டுக்குள்ள வராம தேக்கா மார்க்கெட்டுக்கா போகும்?"

மாதம் முடிவதற்குள் இனி காயாது. சுவரை நனைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல யாருக்காவது தோன்றுமா?

"லீக்குன்னே எழுதிடுங்களேம்மா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அல்போன்சம்மாள்.

தெரியாது. அதுதானே உண்மை? 'முடிவு கூற இயலவில்லை' என்று எழுதினேன். ஜெரார்ட் குழாயைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

30 நவம்பர், ஞாயிறு

மழை. வேறென்ன.

9 டிசம்பர், செவ்வாய்

யாரும் அனுப்பவில்லை, நானாகப் போனேன். சுவர் காய்ந்திருந்தது. ஜெரார்ட் எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஏர்கானை அணைத்து, ஜன்னலைப் பூட்டி, அடி இணைப்பில் அடித்தேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து அல்போன்சம்மாளின் குரல்: "வருதும்மா! வேர்வை இல்லம்மா, தண்ணி!"

வெளியே நின்றபடியே ரகுபதியைப் போனில் அழைத்தேன். "இருக்கட்டும் மேடம். ஆனா டேட் முடிஞ்சிருச்சே. இனிமே என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அது உள்ளே அல்போன்சம்மாளுக்குக் கேட்கவில்லை; ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்தார்; முகம் அப்படி மலர்ந்திருந்தது. "அப்ப கட்டிலை எப்பம்மா சுவரோரம் தள்ளலாம்?"

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்ததும், அவிழ்த்து, மறுபடி சுருட்டினேன்.