நெஞ்சுக்குள் ஓடும் திரி

இன்று காலையில் பலசரக்குக் கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். கட்டியிருந்த சணலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ரசம் கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவள் குனிந்து பார்த்தால், என் விரல்கள் அந்தச் சணலைப் பின்னி முடித்திருக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஓர் இழுப்பு. எதிரே நீ இருந்திருந்தால், "ஏட்டி, இழுப்பு பத்தல" என்று சொல்லியிருப்பாய். என் பின்னலில் குறை சொல்லாமல் உனக்கு ஒரு பொழுதும் போனதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை, அது உனக்கே தெரியும்.

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலையில், ஒரே பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. சரவெடி பின்னுவது நம் வேலை. அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். சேலை பருத்திதான், நைலான் ஆகாது, உரசினால் பொறி வரும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் மகள் ஆசையாக எடுத்துக் கொடுத்த சேலையை ஒரு நாள் உடுத்தி வந்துவிட்டேன். பார்த்தால் பருத்தி மாதிரியே இருக்கும். நீ கண்டுபிடித்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேரே போர்மேனிடம் போனாய். அத்தனை பேரும் பார்க்க அவர் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்.

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். ஏழு வருஷம். வேறு பலகைக்கும் மாறவில்லை. நான் ஏன் எழுந்து போக வேண்டும்? நூல் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவளிடம், "அங்கன உக்காந்திருக்காகளே, அவகள நூலக் குடுக்கச் சொல்லு" என்பேன். நீயும் சளைத்தவள் இல்லை. "நூலு என்ன காலு மொளச்சு வருமா? மகாராணியக் கைய நீட்டச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாய்.

ஏழாம் வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கை சில நேரம் பின்னலில் பாதியிலேயே நிற்கத் தொடங்கியது. நீ பலகையில் ஒற்றை விரலால் 'டக்'கென்று தட்டுவாய். நான் விழித்துக்கொள்வேன். நான் தூங்குகிறேன் என்று ஊருக்குக் காட்டுகிறாய் என்று நினைத்து, அதையும் மனதில் முடிந்து வைத்தேன்.

ஒரு நாள் நீ தட்டியும் நான் விழிக்கவில்லை.

கண் திறந்தால் விருதுநகரில் ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டரம்மா சொன்னார்: இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது, தோலுக்கு அடியில் பேட்டரி வைத்த சின்னக் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை விழிக்காமலே போகலாம். பேட்டரி என்று கேட்டதுமே மாட்டேன் என்றுவிட்டேன். செல்போனைக்கூடக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் ஆயுசைக் கழித்தவள், மின்சாரத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படி அந்த வாசலை மிதிப்பேன்?

"நான் எங்கன போனாலும் அங்கன பத்திக்கிரும். எனக்கு வேண்டாம்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். அழுதுகொண்டிருந்த மகள்கூடச் சிரித்துவிட்டாள். கையில் ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்ற நீ மட்டும் சிரிக்கவில்லை.

"அவ கேக்கதுல என்ன தப்பு டாக்டரம்மா? அதுல பொறி வருமா, வராதா?"

"வராதும்மா. சுத்தி மூடி அடைச்சிருக்கு. அதுல வர்ற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம், இதயத்துக்கு மட்டுந்தான் போகும்."

"அப்பச் சரி. இன்னொண்ணும் எழுதிக்கோங்க. இவளுக்கு இது இன்னைக்கு வந்ததில்ல. மூணு மாசமாப் பாக்கேன். கை நிக்கும், கண்ணு மேல போகும், எண்ணி நாலஞ்சு நொடி."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பிறகு தாளில் இதயத்தைப் படம் போட்டு என்னிடம் விளக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ தாளை வாங்கிப் பார்த்தாய். வாழைப்பழப் பொட்டலத்தின் சணலை உருவிக் கட்டில் விளிம்பில் போட்டாய்.

"ஏட்டி, இங்கன பாரு" என்றாய். ஏழு வருஷத்தில் எனக்கென்று நேராக வந்த முதல் சொல் அது.

"மேல ரெண்டு ரூமு, கீழ ரெண்டு ரூமு. கதவெல்லாம் நம்ம ரூமு மாதிரி, ஒரு பக்கந்தான் தொறக்கும். போன ரத்தம் திரும்ப முடியாது. ஒடம்பச் சுத்திக் களைச்ச ரத்தம் வலப்பக்கம் வரும். அது நுரையீரலுக்குப் போயி, காத்து வாங்கிக்கிட்டு இடப்பக்கம் வரும். அங்கன இருந்து ஒடம்பு பூராம். சரியா டாக்டரம்மா?"

"சரிதான், சொல்லுங்க" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"இந்தச் சணலத் திரின்னு வச்சுக்கோ. திரி வலப்பக்க மேல் ரூமுல தானாப் பத்தும். மேல ரெண்டு ரூமும் சுருங்கி ரத்தத்தக் கீழ தள்ளும். நடுவுல திரி ஒரு இமைக்கிற நேரம் பொறுக்கும். எதுக்கு? கீழ் ரூமு நெறைய வேண்டாமா? வானவெடி மேல போயிச் சேருமட்டும் உள் திரி பொறுக்குதுல்ல, அது மாதிரி. பெறகு ரெண்டாப் பிரிஞ்சு ஓடி, கீழ ரெண்டும் சேந்து அமுக்கும். ஒனக்கு நடுத்துண்டு நமத்துப் போச்சு. மேல பத்துது, கீழ வந்து சேரல. அம்புட்டுத்தான். அந்தத் துண்டுக்குப் பதிலா ஒரு வயரு வைக்காக."

நமத்த திரி எனக்குத் தெரியும். எத்தனை சரத்தைப் பிரித்து மாற்றியிருக்கிறோம். சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் கேட்காமல் விட முடியவில்லை.

"நைலான் சேலைய எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாக் கேட்டிருப்பியாக்கும்?"

"மாட்டேன்."

"பெறகென்ன? பழத்தத் தின்னு."

கருவி வைத்த பிறகு ஆலைக்காரர்கள் என்னை வெடிமருந்து அறைக்குள் விடவில்லை. கேட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டி ஒட்டும் கூடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வாரமே நீயும் மாற்றல் கேட்டு வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தாய். விட்டுப்போன ஏழு வருஷப் பேச்சையும் பேசித் தீர்த்தோம். போன பங்குனியில் ஒரு மத்தியானம் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. வலி இல்லாத சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது ஆறுதல்தான்.

போன வாரம் கருவியைச் சோதிக்கப் போனேன். இந்தப் பேட்டரி இன்னும் நாலைந்து வருஷம் தாங்குமாம். சோதித்த பெண்ணிடம், இது எந்நேரமும் வேலை செய்யுமா என்று கேட்டேன். இல்லையாம். ஒவ்வொரு துடிப்பையும் சும்மா பார்த்துக்கொண்டே இருக்குமாம். என் நெஞ்சு தானாகத் துடித்தால் பேசாமல் இருந்துவிடுமாம். வரவேண்டிய நேரத்தில் ஒன்று வராமல் போனால் மட்டும், ஒரே ஒரு தட்டுத் தட்டுமாம்.

சேலை விஷயத்தை நான் இன்னும் விடவில்லை. நீ தட்டிக்கொண்டே இரு.