கடைசி நாலு நொடிக்கு முன்னால்

அன்புள்ள தூணுக்கு,

உன் கூடைப்பந்து டீமே உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. இன்றைக்கு நானும் அப்படியே தொடங்குகிறேன். காரணம் கீழே வரும்.

இங்கே எல்லோரும் சுகம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? லீக்குக்குப் பிறகான இந்த பிளேஆஃப் முடியும்வரை எல்லோருடைய போனையும் உங்கள் கோச் மேடம் ஒரு துணிப்பையில் வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார். கட்டின புருஷன்கூடக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. நாளைக் காலை பிசியோ அக்கா அங்கே திரும்பி வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குட்டிக்கு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு, அம்மாவிடம்தான் திறந்து காட்டுவேன் என்று யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறாள். என் கணுக்கால் கட்டைப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகும். மாமா தினமும் வந்து அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் வீடியோ பார்க்கிறார். உன் அப்பா ஒரு பாட்டம் திட்டாமல் ஆட்டத்தின் கால் பங்கான ஒரு குவார்ட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. நடுவருக்குக் காது இருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பார்.

திங்கட்கிழமை பிசியோ அக்கா டேப், ஐஸ் பை எல்லாம் எடுத்துப்போக வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். சனிக்கிழமை மூன்றாவது மேட்சில் மேடம் உன்னை உட்கார வைத்து, பெஞ்சில் இருக்கும் சின்னவளை இறக்கப் போகிறாராம். நீயோ அதற்கு முன்பே ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்கே முழுக்குப் போடப் போகிறாயாம். ‘என்னாலதான் தோக்குறோம், தாள்லயே இருக்குக்கா’ன்னு அழுதா, என்று அக்கா சொன்னார். அந்தத் தாளைப் போட்டவனிடமே வந்து சொல்கிறோம் என்று அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். பந்து நம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அது எப்படி முடிந்தது என்று பார்த்து ஒரு பெயர் வைத்து, தாளில் ஏற்றி மேடத்துக்கு அனுப்புவேன். ஒருத்தி தனியாக எதிராளியோடு மல்லுக்கட்டினால் தனியாட்டம். நீ எதிராளியின் வழியை மறித்து அசையாமல் நிற்க, உன் தோளை உரசிக்கொண்டு, நம் டீமில் பந்தை நடத்திப்போகிற பம்பரம் பந்தோடு போனால் ஸ்கிரீன் ஆட்டம். லீக்கில் நம் டீம் ஸ்கிரீனில்தான் வாழ்ந்தது. நூறு தடவைக்கு நூற்றி நாலு புள்ளி. தனியாட்டத்தில் அறுபத்தெட்டுதான், அதுவும் எப்போதாவது ஆடுவது. பிளேஆஃபில் எல்லாம் தலைகீழ். இரண்டு மேட்சிலும் சேர்த்து நாற்பத்தாறு தனியாட்டம். ஸ்கிரீன் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. உன் வரிசையிலோ, மேட்சுக்கு முப்பது நிமிடம் ஆடியும் மொத்தம் ஒன்பது முறைதான் உன் கையில் ஆட்டம் முடிந்திருக்கிறது. தூண் சும்மா நிற்கிறாள் என்று மேடம் நினைத்ததில் தப்பில்லை. தான் கண்ணால் பார்த்ததைவிட என் தாளை அவர் நம்பினார்.

இனி என் குற்றம். லீக்கில் ஒவ்வொரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்துத்தான் பெயர் வைப்பேன். பிளேஆஃபில் மேடம் மறுநாள் காலைக்குள் தாள் வேண்டும் என்றார். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அந்தக் கதை. பந்தை எறிவதற்கு முந்தைய நாலு நொடியை மட்டும் வெட்டி எடுக்கும்படி கம்ப்யூட்டரில் வைத்துவிட்டேன். அந்த நாலு நொடியைப் பார்த்துத்தான் பெயர் வைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற பதினொரு பேர் வரிசையையும் இரண்டாம் தடவை சரிபார்த்தேன். உன்னுடையதைத் தொடவில்லை. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. நேர்மை என்று அதற்குப் பெயர் வேறு வைத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டு, வெட்டின துண்டுக்குப் பதிலாக முழு ஆட்டத்தையும் ஓட்டியது. இரண்டாவது மேட்ச், மூன்றாவது குவார்ட்டர். நான் தனியாட்டம் என்று எழுதி வைத்திருந்த ஒன்று. பார்த்தால், பதினோராவது நொடியில் நீ வந்து நிற்கிறாய்! பம்பரத்தைத் துரத்தி வந்தவள் உன் மார்பில் மோதிச் சிதறுகிறாள். உடனே உன்னைக் காவல் காத்த நெட்டைக்காரி உன்னை விட்டுவிட்டுப் பம்பரத்தின் மேல் பாய்கிறாள். நீ திரும்பிக் கூடையை நோக்கி ஓடி, உன் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒருத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தி நிற்கிறாய். பந்து வரவில்லை. என் நாலு நொடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மாமாவும் நானும் நாற்பத்தாறையும் முதல் நொடியிலிருந்து பார்த்தோம். குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசிக்கிறது என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறில் முப்பத்தொன்றில் நீ முதலில் வந்து நின்றிருக்கிறாய். முப்பத்தொரு தடவையும் ஒருத்தி ஓடிவந்து உன் மேல் மோதியிருக்கிறாள். முப்பத்தொரு தடவையும் நீ கையைத் தூக்கியிருக்கிறாய். பந்து ஒரு தடவைகூட வரவில்லை. நீ முகம் சுளிக்கவில்லை, பம்பரத்தைப் பார்த்து ஒரு கை அசைக்கவில்லை. அதோடு விட்டாயா? அதில் இருபத்தாறு தடவை, எறிந்த பந்து தப்பியதும், நம் கூடையைக் காக்க எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடினவள் நீ. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! மாமா திட்டுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில், ‘பெத்தவன் நான், எனக்கே இது தெரியல மாப்பிள்ளை’ என்றார். கூடவே வாழ்கிற எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? ஒன்பது வருஷமாக உன்னை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய ஆளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அதனால்தான் இன்றைக்கு நானும் உன்னைத் தூண் என்று கூப்பிட்டேன்.

பம்பரத்தைத் திட்டாதே. நெட்டைக்காரி கையை விரித்துக்கொண்டு வந்து நின்றால் அவளுக்கு ஆகாயம்கூடத் தெரியாது, உன் கை எங்கே தெரியும்? இன்னொன்று. இதே மாதிரி நீ விடுபட்டு நின்றபோது நாலே நாலு தடவை பந்து எப்படியோ உன்னிடம் வந்திருக்கிறது. அவை உன் வரிசையில் இருந்ததால் நாற்பத்தாறில் சேரவில்லை. நாலில் ஏழு புள்ளி. நாலு என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து வேறு யாராவது முடிவெடுத்தால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் பந்து வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவாவது வேண்டாமா?

நேற்றே மேடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காக முப்பத்தைந்து ஆட்டங்களையும் முழுசாக வைத்து, தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். பதில் ஒரே வார்த்தை, ‘பாக்குறேன்’. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை உன்னை இறக்கினாலும் இறக்கலாம், உட்கார வைத்தாலும் வைக்கலாம். தோற்றால் தொடரே முடிந்துவிடும். ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டிய இடத்தில் இரண்டை விட்டுவிட்டு நிற்கிறோம்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஜெர்சியை இப்போது திருப்பிக் கொடுக்காதே. என்றைக்காவது ஒரு நாள் நீ ஆட்டத்தை நிறுத்தத்தான் வேண்டும். அதை உன் முழங்கால் சொல்லட்டும், இல்லை உன் மனசு சொல்லட்டும், நான் வாசலில் நின்று உன் பையை வாங்கிக்கொள்கிறேன். நான் பாதி பார்த்து எழுதின ஒரு தாள் சொல்லி மட்டும் நிறுத்திவிடாதே. அதை என்னால் தாங்க முடியாது. உன் காலுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இந்தத் தடவை முதல் நொடியிலிருந்து பார்க்கப் போகிற,
உன் வீட்டுக்காரன்.