வாயடைத்த சங்கு

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்று நான் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தோடு இலங்கைக்கு ஓடியிருக்க வேண்டும். அதில் பெருமை ஒன்றுமில்லை.

என் பெண்டாட்டி ரோசி இறந்து நாலு வருஷமாகிறது. ஆனாலும், நான் கடைசியாகக் கடலில் குளித்தெடுத்த சங்கைத் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் காதில் வைத்தால், "சாப்பிட்டியளா?" என்று கேட்பாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கு எப்படித் தெரியும்? வியாபாரத்துக்குச் சங்கு கழுவுகிறவள். கறுத்துக் கிடக்கிறதே என்று எடுத்துப்போய், ஆசிட்டில் முக்கித் தேய்த்துக் கொண்டுவந்தாள்.

"பாருங்க, கல்யாண மாப்பிள்ளை கணக்கா மின்னுது!"

விளக்கு வைக்கும் நேரம்தான். காதில் வைத்தேன். வெறும் இரைச்சல்.

"ரோசிய ரெண்டாவது தடவ கொன்னுட்டியே!" என்று கத்தினேன். அவளும் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள்தான். திரும்பிப் போய்விட்டாள்.

விளக்கு வைத்ததும் அவள் வாசலிலிருந்து குரல் கேட்டது. மகளிடம்தான் சொன்னாள்.

"ஏளா, ஒம் மாமா சாப்பிட்டாவளான்னு கேளு."

போனேன். சாளை மீன் குழம்பில் மன்னார் வளைகுடா உப்பு முழுவதும் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும். சங்கு தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பேசாவிட்டாலும்.