உன் லேப்டாப் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது

என் அருமைத் தம்பி குமரா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன்னிடம் கேட்க மாட்டேன். உயிரோடு இருந்தபோது கேட்டதற்கே நீ உண்மையைச் சொன்னதில்லை.

இதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தங்கமான பிள்ளை, யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்று கடலூரில் உன்னைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதுநகர்க் கடைத்தெருவில் என்னை நிறுத்தி வைத்துச் சொல்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது? செத்தவனைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுவேன். நான் உன் அக்கா.

போன வாரம் அம்மா போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. "அது நின்னு போச்சுடி. எவ்ளோ அமுக்கியும் வரல" என்றாள். நீ போன பிறகு அவள் இப்படி அழுததில்லை என்பதால் எனக்குப் பதறிவிட்டது. பிறகுதான் புரிந்தது, நின்று போனது உன் லேப்டாப்.

அந்த லேப்டாப்பை நீ வாங்கிய கதை நினைவிருக்கிறதா? கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், நல்லதாக ஒன்று கடையில் வாங்கியிருக்கலாம். நீ வெறும் கூட்டை வாங்கி வந்தாய். திரை இருந்தது, கீபோர்டு இருந்தது, உள்ளே ஒரு போர்டு இருந்தது. ப்ராசஸர் இல்லை, மெமரி இல்லை, எதுவும் இல்லை. பேர்போன்ஸ் என்று சொன்னாய். இதில் மேசைக் கம்ப்யூட்டருக்குப் போடுகிற ப்ராசஸரே உட்காரும், எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறு போடலாம் என்று புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்தாய். முதலில் கிடைத்த சாதாரண ப்ராசஸரைப் போட்டு ஓட்டினாய். ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வந்ததும் வேகம் போதவில்லை என்று பெரியது ஒன்றை வாங்கினாய்.

அதை மாட்டச் சிதம்பரம் அண்ணாமலை நகருக்கு, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். கடலூர் வீட்டில் செய்தால் அம்மா திருகாணியைக் கூட்டிப் பெருக்கி விடுவாள் என்று காரணம் சொன்னாய். என் சாப்பாட்டு மேசையை அப்படியே பிடித்துக்கொண்டாய். உன் மாமா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்கு டார்ச் அடிக்கும் வேலை.

அடிமூடியைக் கழற்றினாய். விசிறியையும் செம்புக் குழாயையும் எடுத்தாய். சூட்டைக் கடத்துவதற்கு வைத்து, காய்ந்து போயிருந்த பழைய பசையைத் துணியால் துடைத்தாய். பெரிய ப்ராசஸரை வைத்து, அதன் முதுகில் ஓர் அரிசி அளவுக்குப் புதுப் பசை வைத்து, மேலே செம்புத் தகட்டை அழுத்தி, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாய். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது. உன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பழையதையே திரும்ப மாட்டி, போர்டுக்குள் இருக்கிற ஏதோ மென்பொருளைப் புதுப்பித்து, மறுபடி பெரியதை வைத்தாய். திரை ஒளிர்ந்ததும் குழந்தை பிறந்த மாதிரி கத்தினாய்.

அத்தோடு ஆரம்பித்தது சூடு. பெரிய ப்ராசஸர், சின்னக் கூடு. வீடியோவை ஓட்டிப் பார்த்தாலே விசிறி அலறும். நான் எட்டாம் வகுப்புக்கு வெப்பப் பாடம் நடத்துகிறவள், அதனால் எனக்கும் நாலு வார்த்தை சொல்லத் தோன்றியது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வை என்றேன். "வேகத்துக்குத்தானேக்கா இதையே மாத்தினேன்" என்று சண்டைக்கு வந்தாய். ஆனால் அதற்காக நீ பட்ட பாடு இருக்கிறதே! அடியில் காற்றுப் போக வேண்டும் என்று நாலு மூலையிலும் கேரம் காயை ஒட்டினாய். கடல் காற்றில் உப்புத் தூசி அடைகிறது என்று வாரா வாரம் விசிறியைத் துடைத்தாய். திரையின் ஓரத்தில் சூட்டின் அளவு எப்போதும் தெரிகிற மாதிரி வைத்தாய். பேசிக்கொண்டே இருப்பாய், உன் உள்ளங்கை மட்டும் கீபோர்டுக்கு மேலே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

அன்று நீ சொன்ன ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சூடு அளவுக்கு மீறினால் எரிந்து போகாதா என்று கேட்டேன். "எரியாதுக்கா. ஜாஸ்தி சூடானா அதுவே வேகத்தக் கொறச்சிக்கும். அதுக்கும் அடங்கலன்னா அதுவே ஆஃப் ஆயிடும். அதுக்குத் தெரியும்" என்றாய். அதற்குத் தெரியும். உனக்கு ஏனடா தெரியவில்லை?

காய்ச்சல் வந்தபோது எனக்குச் சொன்னாயா? அம்மாவின் போனில் நீ முனகுகிற சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். கேட்டால் வெறும் சூடு என்றாய். ஸ்ரீமுஷ்ணம் கல்யாணத்தில் வெயிலில் சுற்றியதால் உடம்பு சூடு பிடித்துவிட்டது, இளநீர் குடிக்கிறேன், விளக்கெண்ணெய் வைத்திருக்கிறேன் என்றாய். தொப்புளிலும் உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய். நம் வீட்டில் எது வந்தாலும் அதுதானே வைத்தியம்! கண் எரிந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு. எத்தனை டிகிரி என்று கேட்டேன். "தர்மாமீட்டர் இல்லக்கா" என்றாய். லேப்டாப்புக்கு அளவு வைத்தவன் வீட்டில் ஒரு தர்மாமீட்டர் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போ, ரத்தப் பரிசோதனை செய் என்றேன். மறுநாள் கேட்டபோது போய்விட்டு வந்தேன், ஒன்றுமில்லை என்றார்கள் என்று சொன்னாய். நானும் நம்பி, நிம்மதியாக வகுப்புக்குப் போனேன். நீ எங்கேயும் போகவில்லை. அந்த ஸ்ரீமுஷ்ணம் வீடியோவை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய். நடுவில் அது சூடேறி ஒரு முறை அணைந்ததாம். அது ஆறும் வரைக்கும் நீ விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று அம்மா சொன்னாள். டெங்கு என்று தெரிந்தபோது நீ பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாய். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு அவரை நிறுத்தச் சொன்னேன்.

ஏனடா பொய் சொன்னாய்? என் நிம்மதிக்காகவா? அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு நான் இப்போது என்ன செய்வது?

கருமாதியன்று நடந்ததையும் கேட்டுக்கொள். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் படம் எடுத்தாய், உன்னை ஒழுங்காக எடுத்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. லேப்டாப்பில் மட்டும் ஒன்று இருந்தது, வெள்ளிக் கடற்கரையில் காற்றுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். திட்டக்குடியிலிருந்து வந்த நம் தாய்மாமா, அதையே திரையில் வைத்து லேப்டாப்பைப் படையலுக்கு முன்னால் வைக்கச் சொன்னார். சும்மா தரையில் வைக்கலாமா? புது வேட்டியை நாலாக மடித்து அதன்மேல் வைத்தார்கள். கேரம் காய்கள் துணிக்குள் புதைந்து போயின. பின்பக்கம் ரோஜா மாலை. பக்கத்திலேயே சாம்பிராணி. சூடான காற்று எந்த வழியாகப் போகும்? சூடம் காட்டுகிற நேரத்தில் விசிறி அலறியது, திரை அணைந்தது, நீ காணாமல் போனாய். அத்தைகள் கூடி அழுதார்கள். "புள்ளைக்கு ஏதோ கோவம்" என்றாள் ஒருத்தி. உனக்கு என்ன கோபம்? கோபம் எனக்கு. வேட்டியை உருவி எறிய வேண்டும் போல இருந்தது. சபை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அம்மா அதை அணைப்பதே இல்லை. உன் அறையில், உன் மேசையில், சன்னலையும் மூடிக்கொண்டு நாள் முழுக்க ஓட விடுகிறாள். சித்திரை வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். எடுத்து வைத்துவிடலாம், என்னோடு சிதம்பரம் வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் அது நின்றேவிட்டது.

போன் வந்த மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். போனதும் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். நீ கற்றுக்கொடுத்த வேலை என்று நினைத்துவிடாதே, டார்ச் பிடித்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அம்மா என் போனை வாங்கி வெளிச்சம் காட்டினாள். விசிறியின் இறக்கைகளில் சாம்பிராணிப் பிசுக்கு, உப்புத் தூசி, ஒரு காய்ந்த ரோஜா இதழ். எல்லாவற்றையும் எடுத்தேன். உன் டப்பாவிலேயே பசை இருந்தது. ஓர் அரிசி அளவு வைத்தேன். மூலைக்கு மூலை முடுக்கினேன். வந்துவிட்டாய், தலையைப் பிடித்துக்கொண்டு.

பிறகு நீ செய்யவே மாட்டேன் என்றதைச் செய்தேன். செட்டிங்ஸில் போய் ப்ராசஸரின் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். நீதான் தடுக்க இல்லையே! சன்னலைத் திறந்தேன். சிறிது நேரத்தில் விசிறிச் சத்தமே அடங்கிப் போனது. ஓரத்தில் சூட்டின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பார் அம்மா, இனிமேல் இது நிற்காது என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா கீபோர்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். நீ வைப்பாயே, அதே மாதிரி. வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஜில்லுன்னு இருக்குடி" என்றாள். "ஆஸ்பத்திரில கடைசியா தொட்டப்ப இப்பிடித்தான் இருந்தான். இது சூடா இருந்தா, தொட்டா, அவன் இருக்கற மாதிரி இருக்கும். எதுக்குடி ஆற வச்ச?"

அதுவரை எனக்கு அது தெரியாது, குமரா. படத்துக்காக ஓட விடுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். பிடித்த கை கொதித்தது.

நெற்றியைத் தொட்டேன். கழுத்தைத் தொட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெறும் சூடுதான். எண்ணெ வச்சிருக்கேன்" என்றாள். கட்டிலுக்குக் கீழே அந்தக் கிண்ணம் இருந்தது. உனக்கு வைத்த அதே கிண்ணம். "அவனுக்கு நாந்தானே வச்சி உட்டேன், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போவாம. எனக்கு மட்டும் எதுக்கு டாக்டரு?" என்றாள்.

நீ என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று பார்த்துக்கொள். நீ சொன்ன பொய்யை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததாக அவளிடமும்தான் சொன்னாய். அவள் நம்பித்தான் எண்ணெய் வைத்தாள். ஆனாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, உன் வழியிலேயே வரக் கிளம்பிவிட்டாள்.

கிண்ணத்தை எடுத்துக் கொல்லையில் வீசினேன். அது உடைந்து சிதறியது. செருப்புகூடப் போட விடாமல் ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் அவளைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், ஆட்டோக்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார், அவரையும் திட்டினேன். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும் வரைக்கும் நான் உட்காரவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான், நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டதும் நடு ஆஸ்பத்திரியில் ஓவென்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்று உனக்குத் தெரியும்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். லேப்டாப்பும் வந்துவிட்டது, அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். என் சாப்பாட்டு மேசையில், கேரம் காலில் நிற்கிறது. உன் மாமா மறுபடியும் டிவி முன்னால்தான் சாப்பிடுகிறார்.

வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். உன் அளவுக்கு இல்லை, விசிறி அலறாத அளவுக்கு. நானும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றி, தொட்டுப் பார்த்து, இறக்கி, மறுபடி தொட்டுப் பார்த்து, ஓர் இடத்தில் நிறுத்தினோம். "இது போதும்டி" என்றாள். நல்ல உடம்பைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, வெதுவெதுப்பாக.

மேசைமேலேயே ஒரு தர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி யாரும் வெறும் சூடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விசிறியை வாரா வாரம் நானே துடைக்கிறேன். அம்மா இருக்கும் வரைக்கும் உன்னை ஆற விட மாட்டேன், எரியவும் விட மாட்டேன். இது சத்தியம். என் கோபமும் அப்படியேதான் இருக்கும். அது ஆறிவிடும் என்று எதிர்பார்க்காதே.

உன்னைத் திட்டுவதை நிறுத்தாத,
உன் அக்கா