பழைய மெசினும் உன்மேல் போட்ட பழியும்

மச்சான்,

இன்று காலை எங்கள் பதாகைக் கடையின் கம்பியூட்டர் மெசினின் பெட்டியை மறுபடி திறந்தேன். நினைவகத் தகடான ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ஸ்ட்ரோபெரி வாசனை அழிறப்பர். பக்கத்துக் கடையில் வேறு இருக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த தூசியும் துருவும் அந்தப் பொய் ஸ்ட்ரோபெரியும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் நீ பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிட்டாய். நீ தேய்த்ததும் இதே வாசனை அழிறப்பரால்தான். "மெசினுக்குப் பல்லு விளக்கிறன் மச்சான், நீ போய் ரெண்டு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வா" என்பாய்.

உன்னை நினைத்தால் கண் கலங்குகிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இன்றும் அதுதான் வந்தது.

புதிய மென்பொருள் இந்த மெசினில் ஏறாது, புதிய மெசின் வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தேன். அதற்கு முதலாளியின் பதில், எங்கிருந்தோ வாங்கிவந்த பாவித்த ராம் ஒன்று. மேசையில் போட்டுவிட்டுப் போனார். பொருத்திப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி பீப், பீப் என்று கத்தியது. போர்டு பழையது, ராம் அதைவிடப் பல வயது இளையது, இரண்டும் ஒத்துவராது.

"ராம் எண்டா ராம்தானே. நீ ஒழுங்காப் போடேல்ல" என்றார்.

"இந்த போர்டு இதை ஏற்காது முதலாளி. எத்தின தரம் போட்டாலும் ஏலாது."

"அவன் இருந்திருந்தா ஓட வச்சிருப்பான்."

அவன் என்றது உன்னை. நீ இருந்தபோது உன்னைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லாத வாய் அது. செத்த பிறகு நீ அவருக்குக் கெட்டிக்காரன் ஆகிவிட்டாய். இந்த ஊரில் வேலை செய்கிறவன் மரியாதை வாங்க அந்த ஒரு வழிதான் திறந்திருக்கிறது போலும்.

இந்த மெசின் எங்கள் கடைக்கு வந்த கதையைச் சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாய். யுத்தம் முடிந்து, உதவி கொடுத்துப் படம் பிடித்து முடித்து, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது கதிரை, அலுமாரி, மின்விசிறியோடு இதையும் ஏலத்தில் விற்றார்கள். ஏதோ ஒரு நாட்டு மக்களின் அன்பளிப்பு என்ற நீல ஸ்டிக்கர் இன்னமும் பெட்டியின் முகத்தில் இருக்கிறது. நான் உரிக்கப் போனபோது நீ விடவில்லை. "விடு மச்சான். பெட்டிதான் இத்துப்போச்சு, அன்பு இன்னும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கு." உட்துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று திருகாணிகளின் தலையைத் தின்றுவிட்டது. இன்று ஒன்றைக் கழற்ற குறடு பிடித்து மல்லுக்கட்டினேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நான் அன்புவழிபுரத்தில் இருந்து சைக்கிளில் வருவேன். நீ இறக்கக்கண்டியில் இருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாய். கல்யாண அட்டை, பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுப் பதாகை, தேர்தல் வந்தால் கும்பிடுகிற முகங்கள், மற்ற நாளெல்லாம் கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களுக்குக் கோட்டுப் போடுவது உன் பொறுப்பு. வீட்டார் அடையாள அட்டைப் படத்தைத்தான் கொண்டுவருவார்கள். அந்தத் தலையை வெட்டி, எங்களிடம் இருந்த ஒரே கோட்டு உடம்பின் மேல் வைக்க வேண்டும். கரைவலை இழுத்தவர், மூட்டை தூக்கியவர், எல்லோருக்கும் அதே கோட்டு, அதே சிவப்பு டை. "உயிரோட இருக்கேக்க சேட்டுக்குப் பொத்தான் இல்ல. இப்ப பார், பாங்கு மனேச்சர் மாதிரி நிக்கிறார்" என்பாய். பகிடி பண்ணினாலும் கழுத்து நிறத்தை ஒருநாளும் பிழைவிட மாட்டாய். செத்தவரின் பிள்ளைகள் பார்க்கும்போது அப்பா அப்பாவாக இருக்க வேண்டும் என்பாய்.

ஒரு பதாகையை மெசினில் சேமிக்கக் கொடுத்துவிட்டுச் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். வந்தாலும் முடிந்திருக்காது. வாடிக்கையாளர்கள் உன்னைத்தான் ஏசுவார்கள். நீ முதலாளியிடம் கேட்கத் தொடங்கினாய்.

"பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டிப்போட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுவம் முதலாளி. மெசின் பறக்கும்."

"பறந்து எங்க போகப் போகுது? நாங்க அடிக்கிறது பனர்தானே."

அடுத்த மாதம் என்றார். பிறகு சீசன் முடியட்டும் என்றார். பிறகு நீ கேட்டால் முகத்தையே திருப்பிக்கொண்டார். நீ அழிறப்பரை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பாய்.

திறப்பதற்கு முன் நீ செய்வது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சுவரில் சுவிட்சை நிறுத்துவாய். அது போதாது, வயரையும் கழற்றுவாய். கழற்றிய வயரின் தலையைக் கண்ணுக்கு முன்னால் மேசையில் வைப்பாய். பிறகு, கரண்டே இல்லாத மெசினின் பட்டனை அழுத்திப் பிடித்து உள்ளே மிஞ்சியிருப்பதையும் வடிய விடுவாய். ஒருநாள் நான் சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டுக் கையை விட்டேன். என் முழங்கையில் ஒரு அடி விழுந்தது.

"சுவிட்சை நம்பாத. சுவிட்ச் மற்ற ஆக்களின்ர கைக்கும் எட்டும். வயர் என்ர கண்ணுக்கு முன்னால கிடக்கும்."

"இதென்ன, சந்தியில நிக்கிற ட்ரான்ஸ்போமரே? சரியான பயந்தாங்கொள்ளி நீ."

"ஓம், பயந்தாங்கொள்ளிதான். பின்னேரம் வீட்ட போய்ச் சோறு தின்ன வேணும் எனக்கு."

ஒரு கல்யாணப் பதாகை பிந்தியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் முதலாளி உன்னை மாடு என்றார். மெசின் செய்த பிழைக்கு மனிதனுக்கு ஏச்சு. அடுத்த கிழமை நீ நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் மின்வேலைக்குப் போய்விட்டாய். லைட், மோட்டர், ஏசி எல்லாவற்றுக்கும் நீ ஒருவன். கையுறை இல்லை. "ரப்பர் செருப்புக்கூட நான்தான் வாங்கினனான் மச்சான்" என்று போனில் சொல்லிச் சிரித்தாய். தோட்டத்து லைட்டுக்குப் போகும் வயரை ஒரு பின்னேரம் திருத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் அடித்தது. அந்தச் சோற்றைத் தின்ன நீ வீட்டுக்குப் போகவில்லை.

செத்த வீட்டிலேயே ஹோட்டல்காரர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் வயரில் கை வைத்தானாம். அவனுடைய கவனயீனமாம். உன் சவப்பெட்டி முற்றத்தில் இருக்க, பின்னால் நின்று மெதுவாக, அனுதாபத்தோடு, ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள்.

அஞ்சலிப் பதாகைக்கு எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். மனேச்சரே வந்தார். ஹோட்டல் பெயர் பெரிதாக, உன் பெயர் அதற்குக் கீழே. "கோட்டுப் போடுங்கோ, வடிவா இருக்கட்டும்" என்றார். உன் தலையை வெட்டி எடுத்து, எத்தனையோ பேருக்கு நீ போட்ட அந்தக் கோட்டுக்கு மேல் வைத்தேன். மெசின் நின்றுவிட்டது. உன் நெற்றிக்கு நடுவில், காத்திரு என்று காட்டும் அந்த வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போகவும் ஏலாமல், பார்த்துக்கொண்டிருக்கவும் ஏலாமல் இருந்தேன்.

"என்னப்பா, எல்லாம் முடிஞ்ச பிறகே பனர் தருவியள்?" என்று மனேச்சர் சத்தம் போட்டார்.

முதலாளியின் முகம் கறுத்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் எஸ்.எஸ்.டி.யோடு வந்தார். நீ சீசன் சீசனாகக் கெஞ்சியும் வராத சாமான், ஒரு மனேச்சர் ஒருதரம் கத்தியதும் வந்துவிட்டது. நான் வயரைக் கழற்றி மேசையில் வைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தேன். பழைய டிஸ்கை எடுத்துப் புதியதைப் போட்டேன். பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி முடித்தேன். நீ சொன்னது போலவே மெசின் பறந்தது. பறந்து செய்த முதல் வேலை உன் அஞ்சலி. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் செய்தேன். திரும்பச் செய்தபோது உனக்குக் கோட்டுப் போடவில்லை. நீ கடைக்குப் போட்டுவரும் சாயம் போன ரீசேட்டோடே விட்டேன். மனேச்சர் கேட்டார், கோட்டு எங்கே என்று. "அந்த ஃபைல் பழுதாப் போச்சு" என்றேன்.

உன் அம்மா நட்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வந்தவர் கதிரையில் இருக்க மறுத்து வாசலிலேயே நின்று சொன்னார்: "காசு தராட்டியும் போகட்டும் தம்பி. என்ர பிள்ளை கவனமில்லாதவன் எண்ட அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லு. அதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

போன கிழமை அந்த மனுவின் விசாரணை. சின்ன அறை. விசாரணை அதிகாரி, தட்டச்சு செய்ய ஒரு எழுதுவினைஞர், எதிர்ப்பக்கம் மனேச்சர், இந்தப் பக்கம் நானும் உன் அம்மாவும். நான் சொன்னேன்: அவன் ஒரு கம்பியூட்டர்ப் பெட்டியைக்கூட கரண்டை நிறுத்தாமல் தொடாதவன். நிறுத்தினதோடும் நில்லாமல் வயரையும் கழற்றுகிறவன். அப்படிப்பட்டவன் மெயினை நிறுத்தாமல் வயரில் கை வைத்திருக்க மாட்டான்.

மனேச்சர் சிரித்தார். "ஐயா, நாங்க கரண்டைப் பற்றிக் கதைக்கிறம். இவர் கம்பியூட்டர்க் கதை சொல்றார்."

"தம்பி, சம்பந்தமில்லாததைக் கதைக்காதேங்கோ" என்றார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்து எழுதுவினைஞரின் மெசின் நின்றுவிட்டது. எங்கள் கடை மெசினின் அண்ணன் போல ஒரு கிழட்டுப் பெட்டி. பக்கத் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. "இது இப்பிடித்தான் ஐயா. ராமைக் கழட்டிப் போட்டாச் சரிவரும்" என்று சொல்லி அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"வயரைக் கழட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன். அறை அதிர்ந்துபோனது. அவர் பயந்து கையை எடுத்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சுவரில் சுவிட்சை மட்டும் நிறுத்தினார். வயரைக் கழற்றவில்லை. மறுபடி கையை விட்டார். ராம் கையோடு வந்தது; துடைத்துவிட்டு, திருப்பிச் செருகக் கையை மறுபடி உள்ளே வைத்தார்.

அப்போது பக்கத்து அறையில் இருந்து ஒரு அக்கா சுடுதண்ணிக் கேத்தலோடு வந்தார். அதே சுவரில்தான் கேத்தலின் வயரையும் கொழுவ வேண்டும். "ஆர் இதை நிப்பாட்டி வச்சது?" என்று சொல்லிக்கொண்டே, குனிந்திருந்தவரைக் காணாமல், எல்லாச் சுவிட்சையும் தட்டிவிட்டார்.

கரண்ட் வந்ததும் மெசின் தானாக உயிர்த்தது. உள்ளே விசிறி சுற்றியது. எழுதுவினைஞர் அலறிக்கொண்டு கையை இழுத்தார். விரலில் இரத்தம். பெரிதாக ஒன்றும் இல்லை, கீறல்தான். ஆனால் அவருடைய முகம் வெள்ளையாகிப் போயிருந்தது.

அதிகாரி எழுந்துவிட்டார். "கைய உள்ள விட்டுக்கொண்டு நிக்கிறார், தெரியேல்லையே? கேட்டுப்போட்டுப் போட ஏலாதே?" என்று அந்த அக்காவை ஏசினார்.

நான் அவர் முடிக்கும் வரைக்கும் நின்றேன். பிறகு சொன்னேன். "ஐயா, இவர் கவனமில்லாதவர் எண்டு நீங்கள் இப்ப எழுதேல்ல. போட்டது ஆர் எண்டுதான் பாத்தனீங்கள். என்ர சிநேகிதனும் நிப்பாட்டிப்போட்டுத்தான் தொட்டிருப்பான். அண்டைக்கு அங்க மெயினைப் போட்டது ஆர்?"

மனேச்சர் வாயைத் திறந்தார். "அந்த நேரம் கெஸ்ட் வந்திட்டினம், லைட் இல்லாம..." என்று தொடங்கினார். தொடங்கியதை விழுங்கிக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தார்.

அம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மெசின் மறுபடி வேலை செய்யவில்லை. அடுத்த தவணைக்கு வாங்கோ என்றார் அதிகாரி. "கையால எழுதுங்கோ ஐயா" என்றேன். என்னை அளந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். "கேள்வியைத் திருப்பிச் சொல்லும்" என்றார். சொன்னேன். எழுதினார். மனேச்சர் பாதியில் விழுங்கியதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க விடவில்லை.

இன்று ராம் சண்டை முடிந்த பிறகு முதலாளி மெதுவாகக் கதையைத் தொடங்கினார். "அந்த ஹோட்டல் எங்கட பெரிய கஸ்டமர். நீ சும்மா தேவையில்லாத இடத்தில வாயைக் குடுக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன்."

"கேள்விப்பட்டது சரி முதலாளி" என்றேன்.

அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வேலைக்கு வராதே என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு எனக்கு இந்தக் கதிரை இருக்காது.

உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை மச்சான். உன்மேல் போட்ட அந்தச் சொல்லை இன்னும் எடுக்கவில்லை. அந்தச் சுவிட்சைத் தட்டிய கை ஒன்று இருக்கிறது. அதுவும் உன்னைப் போலக் கூலிக்கு வேலை செய்த ஒருவனின் கையாகத்தான் இருக்கும். போடு என்று அவனுக்குச் சொன்ன வாய் ஒன்றும் இருக்கிறது. எனக்கு அந்த வாய்தான் வேண்டும். அடுத்த தவணையில் கேட்பேன். பதில் வராவிட்டால் அதற்கடுத்த தவணையிலும் அதே அறையில் எழுந்து நின்று அதையே கேட்பேன்.