வண்டிக்கு அடியில் நிழல்

ஊயிஸ்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஒட்டிலிக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோருக்கும் கை கால் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, போன வாரத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தேநீரில் உப்பைப் போட்டுவிட்டு உன் அப்பாவைக் கோபித்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில், டிசம்பரில் வருகிறோம், வாடகை வண்டி எடுத்து மெஸ்ஸும் எரிமலைப் பள்ளத்துக்கு நாங்களே போகிறோம், சின்னப் பிள்ளைகளோடு பாலைவனத்தில் பத்திரமாகப் போவது எப்படி என்று எழுதம்மா என்று கேட்டிருந்தாய். இங்கே பிறந்தவள் இதைப் போய்க் கேட்பாளா என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். டிசம்பர் வேண்டாம், இங்கே அதுதானே உச்சக் கோடை, அந்த வெயிலில் ஆடே தலை தூக்காது, ஜூனில் வா. ஒற்றை வண்டியில் போகாதே, உன் தம்பி எர்வின் தன் வண்டியில் கூட வருவான். தண்ணீரை ஒரே டின்னில் வைக்காதே, ஓட்டை விழுந்தால் மொத்தமும் போச்சு, பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி குடிக்கக் கொடு. மணல் வந்தால் டயரில் காற்றை இறக்கு, மெதுவாகத்தானே போகிறோம் என்று பிள்ளையை மடியில் வைக்காமல் இருக்கையில் கட்டு. காய்ந்த ஆற்றில் கூடாரம் போடாதே, மழை எங்கோ மலைப்பக்கம் பெய்யும், வெள்ளம் உன் தலைமாட்டுக்கு வரும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதே. இதை எழுதியதும் கை நின்றுவிட்டது, எழுந்துபோய் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் எர்வின் மகள் பெட்ரீனாவுக்கு நாலு வயது முடிந்தது என்று எல்லோருமாக மெஸ்ஸும் பள்ளத்துக்குப் புறப்பட்டோம். உன் அப்பா வண்டி முன்னால், எர்வின் வண்டி பின்னால். நான் பாக்காத மணலாடி என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எல்லோரும் தோண்டினோம். பிள்ளை வெயிலில் சிணுங்கிக்கொண்டு நின்றாள், பின்னால் நின்ற எர்வின் வண்டியைக் காட்டி, அப்பா வண்டிக்கு அடியில போய்ப் படு கண்ணு, பாட்டி கூப்பிட்டா வா என்று நான்தான் சொன்னேன். நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதானே, அந்த வெட்டவெளியில் மரமா இருக்கிறது, நீயும் எர்வினும் வண்டிக்கு அடியில் தூங்கித்தானே வளர்ந்தீர்கள். கடைசியில் உன் அப்பா வண்டி மேலே ஏறியது, கைதட்டினோம், நின்றால் மறுபடி புதையும் என்று அவர் நிறுத்தாமல் கெட்டித் தரைக்குப் போய்விட்டார். பிள்ளை தாத்தாவோடு போய்விட்டாள் என்று மருமகள் நினைத்தாள், பாட்டியிடம் இருக்கிறாள் என்று எர்வின் நினைத்தான், படு என்று சொன்ன நானோ சுத்தமாக மறந்தேன். எர்வின் வண்டியைக் கிளப்பினான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடப்பதை அப்போதுதான் பார்த்தேன். கத்தினேன், இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய் பானெட்டின்மேல் விழுந்தேன். கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு என்று இறங்கி வந்து கத்தினான், நான் கீழே கையைக் காட்டினேன். அவள் கன்னமெல்லாம் மணலோடு அந்தப் பக்கமாக ஊர்ந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தோண்டி முடிச்சாச்சா பாட்டி என்று கேட்டாள்.

எர்வின் மணலில் உட்கார்ந்து அழுதான். நீங்கதான அத்தை படுக்கச் சொன்னீங்க என்று மருமகள் கேட்டாள், அது சரிதான். இனிமேல் வண்டிக்கு அடியில் போகவே போகாதே என்று பிள்ளையிடம் சொன்னேன், அப்போ ஒருநாள் வண்டி நின்னுபோனா அவ எங்கடி ஒதுங்குவா, நடந்துபோய்ட்டா யாரு தேடுறது என்று உன் அப்பா கேட்டார், அதுவும் சரிதான். தார்ப்பாய் எடுத்து வண்டி ஓரமாகக் கட்டு என்று உனக்கு எழுதலாம், ஆனால் தூக்கத்தில் பிள்ளை உருண்டு அடியில் போகாது என்று என்ன நிச்சயம்? வா என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வராதே என்று சொல்ல மனசு கேட்கவில்லை.

உன் அப்பா அன்றைக்கே ஒரு வழக்கம் ஆரம்பித்தார். வண்டி எடுக்குமுன் அந்த வலிக்கிற முட்டியை மடித்துக் குனிந்து அடியில் பார்ப்பார், பிறகு ஏறி உட்கார்ந்து ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார், நாங்கள் பானெட்டைத் தட்டி இருக்கேன் என்று சொன்னால்தான் சாவியைத் தொடுவார். கடைக்குப் போகவும் இதே கூத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது எர்வின், மருமகள், பெட்ரீனா, நான் எல்லோரும் தட்டியாயிற்று. அவர் அதோடு விடாமல் ஒட்டிலி என்று கூப்பிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தெரியாமல் கூப்பிட்டாரா தெரிந்தே கூப்பிட்டாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெட்ரீனாதான், அத்தை ரொம்ப தூரத்துல இருக்காங்க தாத்தா, வண்டிய எடுங்க என்றாள். சர்ச்சுக்குப் பிந்தித்தான் போனோம்.

ஜூன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, டிசம்பரிலேயே வா, பாலைவனம் வேண்டாம், வீட்டிலேயே இருப்போம், இல்லை, எல்லோருமாகப் போவோம், எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் உங்களையும் பிள்ளைகளையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வந்ததும் மறக்காமல் பானெட்டைத் தட்டு. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் பலமாகவே தட்டு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
எல்ஃப்ரீடா